கான்சர் இல்லையாம்

"கான்சர் இல்லை" என்று டொக்டர் சொன்னதுதான் எங்களுக்கு வினையாகப் போனது.

மகள் அருந்ததிக்கு ஒன்பது வயது. வலது கீழ்த்தாடை வீங்கியபோது முதலில் கூகைக்கட்டு என்றார்கள். பிறகு சூத்தைப் பல் என்று ஒன்றைப் பிடுங்கினார்கள். வீக்கம் வற்றவில்லை. கடைசியில் கொழும்பு ஆஸ்பத்திரியொன்றில் படமெடுத்து, ஒரு துணுக்கை வெட்டிச் சோதித்தார்கள்.

"இது கான்சர் இல்லை. ஆனா உள்ளுக்குள்ள எலும்பைத் தின்னும். இப்பவெண்டா சுரண்டி எடுக்கலாம், எலும்பு திரும்ப வளரும். பிந்தினா தாடையையே வெட்ட வேணும்" என்றார் டொக்டர்.

என் கணவர் சிவபாதசுந்தரத்தின் காதில் முதல் வசனம் மட்டும்தான் ஏறியது. வெள்ளவத்தை லொட்ஜுக்குத் திரும்பும் வழியிலேயே கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் வந்தது கனடாவுக்குப் போக. கொட்டாஞ்சேனை ஏஜென்ட் றேமண்ட் செய்து தந்த கள்ளப் பாஸ்போர்ட்டில் பிள்ளையின் படம் ஏறிவிட்டது. முகத்தில் கத்தி வைத்தால் எயார்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள் என்று அவன் சொல்லிவிட்டான். வீங்கின முகம் மட்டும் படத்தோடு ஒத்துப்போகுமாம்!

"இஞ்சருங்கோ, நாளைக்கு ஒப்பரேசனுக்குத் தந்த திகதி" என்றேன்.

"கான்சர் இல்லையெண்டிட்டாங்கள், பிறகேன் அந்தரப்படுறாய்? வாற கிழமை பிளைட். அங்க போய் வடிவாச் செய்விப்பம்."

அந்த வாற கிழமை மாதக்கணக்காக வரவேயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துவேன். பக்கத்து அறைக்காரர் கதவைச் சாத்துவார்கள். அவர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஒரு காலை, பாணின் கரைத் துண்டைக் கடித்த பிள்ளை வீரிட்டாள். தாடை எலும்பு வெடித்திருந்தது. அதே டொக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு முட்டைக்கோது மாதிரி ஆகிட்டுது. இனிச் சுரண்ட ஏலாது. இந்தப் பக்கத்தை வெட்டி எடுக்கத்தான் வேணும்."

என் கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"இதை நீ அப்பவே எனக்கு விளங்கச் சொல்லியிருக்கலாமே?"

அருந்ததி தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, பல்லைப் பிரிக்காமல் சொன்னாள்.

"அம்மா சொன்னவ, அப்பா. ஒவ்வொரு நாளும் சொன்னவ. எனக்கே கேட்டது."

அவர் குனிந்துகொண்டார். நான் அவரைக் கேட்காமலே ஒப்பரேசன் சம்மதத் தாளில் கையெழுத்து வைத்தேன்.