வல்லிநாயகத்தின் பாரிஸ்

பேச்சிராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். மாடித் தொட்டி நிறையப் பதினெட்டு நிமிடம் ஆகும். பதினெட்டு நிமிடமும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றான். பல் விளக்கவில்லை, போனை எடுக்கவில்லை, வாசலில் கிடந்த பேப்பரைத் தொடவில்லை. தண்ணீர் வழிவதற்கு முன்பே நிறுத்தினான். பிறகு பல் விளக்கிக் குளித்தான். இரண்டு தோசை ஊற்றி நின்றபடியே தின்றான். ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தான்.

கடை தென்காசியில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில். பட்டா, பான் கார்டு, பாஸ்போர்ட், பரீட்சை விண்ணப்பம் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியது எதுவானாலும் அங்கே ஏற்றித் தருவான். எம்.காம். படித்தவன். முப்பது வயதுதான், ஆனால் கடை வைத்திருப்பதால் எல்லோருக்கும் அண்ணாச்சி. மனைவி காளீஸ்வரி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதைப் பற்றி அவன் பேசுவதில்லை. கடைக்கு ஒரு நாளும் லீவு விட்டதில்லை.

அன்று ஷட்டரைத் தூக்கும்போதே இசக்கிமணி படியில் உட்கார்ந்திருந்தான். கையில் போனை, சூடான டம்ளரைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான்.

"அண்ணாச்சி, விசா ஆபீஸ்ல இருந்து மெயில் வந்துருக்கு. பாரிசுக்கு எப்பம் போனேன்னு கேக்குதாவ."

"எப்பம்லே போன?"

"செங்கோட்டையத் தாண்டுனா புனலூர். அத விட்டா தாய்லாந்து. வேற எங்கன போயிருக்கேன் நான்?"

இசக்கிமணி குத்துக்கல்வலசைக்காரன். நான்கு வருடம் தாய்லாந்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் சமையல் வேலை பார்த்தான். அதே ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்த பிம் என்ற பெண்ணை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பிறகு ஊருக்குக் கூட்டி வந்து, சொந்தக்காரர்கள் முன்னால் கோயிலில் இன்னொரு முறை தாலி கட்டினான். பிம் மூன்று மாதம் இங்கே இருந்தாள். மாமியார் தங்கத்தாயிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாள். மாசமானதும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். இப்போது எட்டாவது மாதம். பிள்ளை பிறக்கும்போது இவன் பக்கத்தில் இருக்க வேண்டும், பிறகும் அங்கேயே இருந்து வேலை தேட வேண்டும். அதற்குத்தான் அந்த நாட்டுக் குடிமகளின் கணவன் என்ற முறையில் விசா கேட்டு விண்ணப்பம்.

சுற்றிப் பார்க்கப் போவதற்கு விசாவே வேண்டாமே என்று ஊரில் பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். "அவிய குடுக்க நாளுல பிள்ளைக்குத் தலைகூட நிக்காது. சொந்தப் பிள்ளைய டூரிஸ்ட்டா போய்ப் பாக்கச் சொல்லுதியளா?" என்று இசக்கிமணி பத்துப் பேரிடமும் கேட்டிருந்தான்.

பேச்சிராஜ் மெயிலைப் படித்தான். மரியாதையான மெயில். திருமணச் சான்றிதழ் சரி. மனைவி கையெழுத்துப் போட்ட அடையாள அட்டை நகல் சரி. தம்பதியர் சேர்ந்திருக்கும் புகைப்படங்களில்தான் சந்தேகம். இரண்டாம் படம் பாரிஸ், நான்காம் படம் பனிமலை. இந்தப் பயணங்கள் பாஸ்போர்ட்டில் இல்லை. ஐந்தாம் படத்தின் இடம் எது? ஆறாம் படம் அசலா? பத்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அதன்பின் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியே போனில் பேசுவார்கள்.

தான் ஏற்றிய கோப்பைப் பேச்சிராஜ் இப்போதுதான் திறந்து பார்த்தான்.

இரண்டாம் படத்தில் ஈஃபில் கோபுரம். அதன் அடியில் இசக்கிமணி பட்டு வேட்டியில், பிம் அரக்கு நிறப் புடவையில். நான்காம் படத்தில் முழங்கால் அளவு பனி. அதே வேட்டி, காலில் செருப்பு இல்லை. ஐந்தாம் படத்தில் அடிவானம் வரை சூரியகாந்தி.

"இது மட்டும் நிசம் அண்ணாச்சி. சுந்தரபாண்டியபுரத்துல எடுத்தது. வண்டு துரத்தி அவ ஓடுனா."

"இருக்கதுலயே இதுதாம்லே பொய்யாத் தெரியுது."

ஆறாம் படம் குற்றாலம் மெயினருவி. நல்ல சீசன் தண்ணீர். அதன் கீழே கணவனும் மனைவியும் தோளோடு தோள் நின்று சிரிக்கிறார்கள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

பேச்சிராஜ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆம்பிளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். எண்ணெயத் தேச்சுக்கிட்டு எரநூறு பேரு இடிச்சுட்டு நிப்பான். இவிய ரெண்டு பேரும் தனியா நிக்காவ. பாரிசக் கூட நம்பிருவான். இத எப்பிடிலே நம்புவான்?"

"இதப் பாக்காமலா அண்ணாச்சி ஏத்துனிய?"

"அளவ மட்டும் பாத்தேன். மூணு எம்பிக்குள்ள இருந்துச்சு."

கல்யாண ஆல்பம் எதையும் அவன் பார்ப்பதில்லை. யார் கொண்டுவந்தாலும் சுருக்குவான், ஏற்றுவான், மூடுவான். அது இசக்கிமணிக்குச் சட்டென்று விளங்கியது. அதற்குமேல் கேட்கவில்லை.

"தப்பு எம்மேலதான். வா, ஸ்டுடியோவுக்குப் போவோம்" என்று பேச்சிராஜ் பைக் சாவியை எடுத்தான்.

ஸ்டுடியோக்காரர் வல்லிநாயகம் மாடியில் இருந்தார். அன்றுதான் மை போட்ட மீசை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முதலில் வந்தது பெருமைதான்.

"ஆபீசர் நிசம்னே நெனச்சுட்டானாக்கும்?"

"நெனச்சதாலதான் அண்ணாச்சி விசா நிக்குது."

"தம்பி, நான் இருவது வருசமாப் பாரிசு போடுதேன். இந்த ஊர்ல ஒருத்தன் கேட்டதில்ல. மாப்பிள்ள வீடு, பொண்ணு வீடு ரெண்டுக்கும் பாரிசு வச்சாத்தான் ஆல்பம்னே ஒத்துக்கிடுவாவ. பனிமல நான் சும்மாவே வச்சுக் குடுத்தேன், வெளிநாட்டுப் பிள்ளயாச்சேன்னு."

"அதுக்கு அருவியிலயும் கொண்டு நிறுத்தணுமா?"

"அது இவன் அம்மா கேட்டது. ரெண்டு பேரும் சேந்து அருவியில நிக்கணும்னு ஆசப்பட்டாவ. நெசத்துல போலீஸ் விடுவானா? என்னாலதான நிறுத்த முடியும்."

"ஒட்டுறதுக்கு முந்தி எடுத்த படம் இருக்கா?"

வல்லிநாயகம் அவமானப்பட்டவர் போல ஹார்ட் டிஸ்க்கைத் தேடினார். சமையல்காரனிடம் வெட்டாத காய்கறியைக் கேட்டால் இப்படித்தான் முகம் போகும். படங்கள் வந்தன.

பாரிஸ் இருந்த இடத்தில் பச்சைத் துணி. துணியின் மேல் ஓரத்தில் இரண்டு துணி கிளிப்புகள். கீழே பிளாஸ்டிக் ஸ்டூல். பிம்மின் முடி காற்றில் பறக்கிறது. காற்று எங்கிருந்து வருகிறதென்றால், தங்கத்தாய் ஓரமாக நின்று டேபிள் ஃபேனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பனிமலையிலும் அவள் இருந்தாள். ஃபேனை வைத்துவிட்டு மருமகளின் கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அருவியில் இசக்கிமணியின் தலையில் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இசக்கிமணிக்குக் கண்ணில் தண்ணீர் போய் முகம் கோணலாக இருந்தது.

பேச்சிராஜ் ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தான். அளவைப் பார்க்கவில்லை.

"இதத்தாம்லே மொதல்ல அனுப்பிருக்கணும்" என்றான். "அண்ணாச்சி, நீங்க ஒரு கடிதாசி தரணும். லெட்டர்பேடுல."

வல்லிநாயகம் சொல்லச் சொல்லப் பேச்சிராஜ் ஆங்கிலத்தில் அடித்தான். இந்தப் பாரிஸ் என்னால் தென்காசியில் செய்யப்பட்டது. பனியும் நானே. அருவி அசல், ஆனால் அவர்கள் அதில் நிற்கவில்லை. சூரியகாந்தி முழுக்க முழுக்க அசல். கையெழுத்துக்கு மேலே 'தொழில்முறை நிபுணர்' என்று போடச் சொன்னார். போட்டான். கடிதத்தோடு ஒட்டாத படங்களையும் ஏற்றி அனுப்பினான்.

நான்காம் நாள் பதில் வந்தது. விளக்கம் கிடைத்தது, நாளைக் காலை பதினோரு மணிக்குப் போன் செய்வோம்.

மறுநாள் இசக்கிமணி சலவைச் சட்டையில் கடைக்கு வந்தான். வீட்டில் சிக்னல் நிற்காது. தங்கத்தாயும் கூடவே வந்து, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"கடேசியா எப்பம் பேசுன, பொண்டாட்டி என்ன சொன்னான்னு கண்டிப்பாக் கேப்பாவ" என்றான் பேச்சிராஜ். "என்ன சொல்லப் போற?"

"நீ இல்லாம ஒரு நிமிசம் இருக்க முடியல, சீக்கிரம் வான்னு சொன்னா."

"சொன்னாளா?"

"மனசுக்குள்ள இருக்கும்லா அண்ணாச்சி."

"வாயத் தொறந்து என்ன சொன்னா?"

இசக்கிமணி அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அம்மாவோட நைட்டி ரெண்டு எடுத்துட்டு வரச் சொன்னா. அங்க உள்ள துணி எதுவும் வயித்துக்குப் பத்தலியாம்."

"அதச் சொல்லு."

"ஒரு ஆபீசர்ட்ட எப்பிடி நைட்டின்னு சொல்ல? அதுவும் போக, பிம்முக்கும் இந்த டயலாக்க மெசேஜ் போட்டு விட்டுட்டேன். அவளுக்குப் பத்து மணிக்கே போன்."

"மெசேஜுக்கு என்ன சொன்னா?"

"சிரிக்க பொம்மையா நாலு போட்டா. அதுக்கப்பறம் எடுக்கவே மாட்டேங்கா."

பேச்சிராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம். "அவ எதச் சொன்னாளோ சொல்லட்டும். நீ நைட்டியச் சொல்லு. கட்டுனவ பேசுனா அப்பிடித்தாம்லே இருக்கும். வசனமெல்லாம் பேச மாட்டா."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒரு பெண் குரல், தெளிவான ஆங்கிலம். பிம்மின் அப்பா பெயர், எங்கே சந்தித்தார்கள், வீட்டில் எத்தனை பேர். இசக்கிமணி ஓட்டல் ஆங்கிலத்தில் சுத்தமாகப் பதில் சொன்னான். பிறகு அந்தக் கேள்வி வந்தது. உங்கள் மனைவி கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார்?

இசக்கிமணி சட்டைக் காலரைச் சரிசெய்தான். பேச்சிராஜ் அவனையே பார்த்தான்.

"நைட்டி கொண்டுவரச் சொன்னாள், மேடம். இரண்டு. என் அம்மாவுடையது. வயிறு பெரிதாகிவிட்டது."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன நிறம்?"

"மஞ்சள், மேடம். மஞ்சள் பூ."

தங்கத்தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. நைட்டி தெரியும், யெல்லோ தெரியும். "மஞ்ச எங்கலே இருக்கு எங்கிட்ட? ஆரஞ்சுலா. நானும் அவளும் சேந்து கூலக்கட பஜார்ல எடுத்தது. ஆரஞ்சுப் பூன்னு சொல்லு."

இசக்கிமணி போனைக் கையால் பொத்தினான். பேச்சிராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"யார் பேசுவது?" என்றது குரல்.

"என் அம்மா, மேடம். நைட்டி அவர்களுடையது. ஆரஞ்சு என்கிறார்கள்."

"உங்கள் மனைவியும் ஆரஞ்சு என்றுதான் சொன்னார்" என்றது குரல். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நிறத்தைக் கணவனிடம் கேட்டால் தப்பாகச் சொல்வான் என்றும் சொன்னார். ஃபேன் பிடித்திருப்பது இவர்கள்தானா?"

"ஆமாம், மேடம்."

"வணக்கம் சொன்னதாகச் சொல்லுங்கள்."

அடுத்த வாரம் விசா வந்தது. பேச்சிராஜ் கலர் பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தான். தங்கத்தாய் நைட்டி ஆறு எடுத்துவிட்டாள், நான்கு ஆரஞ்சு. விசாவின் ஒரு பிரதியை வல்லிநாயகம் வாங்கிப் போய் ஸ்டுடியோ கண்ணாடிக்குள் ஒட்டினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் இசக்கிமணி பைக்கில் வந்து நின்றான். "ஏறுங்க அண்ணாச்சி. சாரல் நல்லா இருக்கு. குளிச்சுட்டு வருவோம்."

"கடை இருக்குலே."

"கடை எங்கயும் ஓடாது. ஏறுங்க."

ஏறினான். ஐந்தருவியில் ஆண்கள் பக்கம் வழக்கம்போல முண்டியடிப்பு. யாரோ ஒருவருடைய எண்ணெய் பேச்சிராஜின் முதுகில் ஏறியது. தண்ணீர் மண்டையில் தொம் தொம்மென்று இறங்கியது. முக்கால் மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தார்கள். ஒரு கடையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து ஆளுக்கு நான்கு புரோட்டாவைச் சால்னாவில் பிய்த்துப் போட்டார்கள். இரண்டு வருடத்தில் பேச்சிராஜ் மறுபடி கேட்டு வாங்கித் தின்றது அன்றுதான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படப்பிடாது."

"கேளு."

"அன்னைக்கித் தெரியும்னு சொன்னிய. மதினி கடேசியா என்ன சொன்னாவ?"

இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அவனுக்குச் சொல்லத்தான் செய்தார்கள். 'அவரைப் பாத்துக்கோங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள் என்பது மாமியார் கணக்கு. மாமியார் அன்றைக்குச் சிவகிரியில் இருந்தாள். முருகா என்றாள் என்று ஒரு சித்தி சொன்னாள். அவன் யாரையும் திருத்தவில்லை.

"ஸ்கூலுக்குக் கெளம்பிட்டா" என்றான். "டீச்சர்லா. நான் உள்ள பேப்பர் படிச்சுட்டிருந்தேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, கேட் பக்கத்துல நின்னு சத்தம் போட்டா. தெரு பூராக் கேட்டுருக்கும். பத்து நிமிசத்துல ஆய்க்குடி ரோட்டுல அந்த லாரி."

இசக்கிமணி தின்பதை நிறுத்தியிருந்தான். பேச்சிராஜ் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான். அவள் குரல் அப்படியே காதில் இருந்தது, எரிச்சலும் சிரிப்புமாக. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, மோட்டார் ஓடுது. தண்ணி வழிஞ்சு தெருவுக்கே வந்தாலும் நீங்க பேப்பர்தான் படிச்சுக்கிட்டு இருப்பிய. எந்திரிங்க."