மாயோவின் எடை

அந்த முகாமில் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு ஒரே வேலைதான். மழை வரும்வரை ஒரு யானையின் எடையை வாங்கி வைத்திருக்க வேண்டும். எடை இல்லாத யானைக்குக் காலடித் தடம் விழாது. தடம் விழாத யானையைத் தந்தத்துக்காக அலைகிறவர்களால் பின்தொடர முடியாது. மழை தொடங்கிவிட்டால் தடத்தை அதுவே அழித்துவிடும். ஸாம்பியாவின் வடக்கே, முட்புதரும் செம்மண்ணுமான அந்தக் காட்டில் வெகுகாலமாக இப்படித்தான் யானைகளைக் காப்பாற்றிவருகிறார்கள்.

சுகிர்தா நாகர்கோவிலிலிருந்து போயிருந்தாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற வேலை. அவள் குத்தினால் குழந்தைகள்கூட அழுவதில்லை. அவ்வளவு லேசான கை. கணவர் இறந்த பிறகு அந்த லேசு உடம்பு முழுவதும் பரவிவிட்டது. நடந்தால் காலுக்குத் தரை தெரிவதில்லை. மாடிப்படி ஏறி முடித்தாலும் ஏறின மாதிரி இருப்பதில்லை. "எனக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேணும்டி" என்று தங்கை பெனிலாவிடம் சொன்னாள். பெனிலாதான் அந்த முகாமைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

முகாமின் வனக்காவலர் லாசரஸ் சிலேஷே. குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர். வந்த மறுநாள் காலை அவளை ஒரு பாறைமேல் நிற்க வைத்தார். இடது காது கிழிந்த பெண் யானை ஒன்று புதரை விலக்கிக்கொண்டு வந்தது. அவர் அதை மாயோ என்று கூப்பிட்டார். அவர் மொழியில் அம்மா என்று அர்த்தம். மாயோ தும்பிக்கையை சுகிர்தாவின் தோளில் வைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான். அது திரும்பிப் போனபோது அதன் காலடியில் ஒரு புல்கூட வளையவில்லை.

"கொஞ்ச நாளைக்கு உட்காரணும்போல இருக்கும் மேடம்" என்றார் லாசரஸ். "உட்கார்ந்துடாதீங்க. எழுந்திருக்கிறது பெரும்பாடு."

சுகிர்தாவுக்கு அது பிடித்துப்போனது. கருங்கல் மேடையில்தான் படுக்கை. மண்ணில் நடந்தால் கணுக்கால்வரை புதையும். ஒவ்வோர் அடிக்கும் தரை பதில் சொன்னது. சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தாள்.

"எக்கா, ரொம்பப் பாரமா இருக்கா?" என்று பெனிலா கேட்டாள்.

"பாரந்தான். ஆனா நல்லாத் தூக்கம் வருது, கேட்டியா? படுத்தா படுத்த மாதிரி இருக்கு."

ஒருநாள் காலை அவள் சோறும் ஊரிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேர் துப்பாக்கிகளோடு வந்தார்கள். அவளுடைய காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து வந்திருந்தார்கள்.

"இந்தத் தடமெல்லாம் உங்களுதா?" என்று மூத்தவர் கேட்டார்.

"ஆமா. துணி துவைக்கப் போயிருந்தேன்."

அவர் குனிந்து தடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். "நல்ல ஆழம்" என்றார் மரியாதையாக. "அப்போ யானை எங்கே?"

"எடை எங்கிட்ட இருக்கு. மிச்சம் எங்க நிக்குன்னு எனக்குத் தெரியாது."

அவள் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்தார்கள். சர்க்கரை போதுமா என்று கேட்டதற்குப் போதும் என்றார்கள். நாங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறோம், எடை திரும்பினால் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் மழைக்கு முன்னால் காற்று வந்தது. லாசரஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளிடம் வந்தார்.

"மாயோ சினையா இருக்கா. இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். எடையைக் கொடுத்தாகணும்."

"மழை இன்னும் வரலையே."

"எடை இல்லாம குட்டி பிறக்காது மேடம். தாயைப் பிடிச்சு நிறுத்தத் தரை வேணும், குட்டியை வெளியே இழுக்கத் தரை வேணும். இல்லேன்னா அது உள்ளேயே நின்னுடும். போதாததுக்குக் காத்து வேற அவளை வேலிப் பக்கம் தள்ளிட்டுப் போகுது. வேலிக்கு அந்தப் பக்கம் எங்க காவல் செல்லாது."

சுகிர்தா தன் பாதங்களைப் பார்த்தாள். அவை மண்ணில் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

"கொடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கும்?" என்றாள்.

லாசரஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார். "தெரியாது. நான் யார்கிட்டயும் வாங்கினதில்லை" என்றார்.

ஜீப் அவளைத் தாங்காது. நடந்தார்கள். காற்று முதுகில் மோதியது. அவளை அசைக்க முடியாமல் இரண்டாகப் பிரிந்து போனது. வறண்ட ஓடையைக் கடக்கும்போது அவள் இடுப்புவரை மணலில் இறங்கிவிட்டாள். லாசரஸ் மணலைத் தோண்டி, பாறைத் துண்டுகளைப் போட்டு ஏற்றிவிட்டார். உச்சி வெயில் தாண்டியபோது வேலி தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மரநிழலில் அந்த மூன்று பேரும் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கையை உயர்த்தி அவளுக்கு வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள்.

வேலி ஓரத்து அத்திமரத்தின் உச்சிக் கிளையில் மாயோ நின்றுகொண்டிருந்தது. கிளை வளையவில்லை. கொழுந்தாகப் பார்த்துப் பறித்துத் தின்றது. காற்று வீசும்போதெல்லாம் அதன் பின்கால்கள் கிளையைவிட்டு எழும்பி, வேலியின் பக்கமாக மிதந்து, திரும்பிவந்து உட்கார்ந்தன. வயிறு மட்டும் கனமாகத் தெரிந்தது.

லாசரஸ் கூப்பிட்டார். மாயோ காதை ஆட்டியதோடு சரி.

"அவளுக்கும் மனசில்லை" என்றார்.

சுகிர்தா மரத்தடிக்குப் போனாள். மாயோ கீழே பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்தது அவளுக்கு விளங்கியது. லேசாக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. எதுவும் வந்து மோதாது. எதுவும் வந்து தங்கவும் தங்காது. இரண்டு வருடம் அவள் அப்படி இருந்தவள்தான்.

"எறங்கி வா மக்களே" என்றாள். "எனக்கும் இதைத் தர இஷ்டமில்ல பாத்துக்க. ராத்திரி நல்லாத் தூங்குதேன். ஆனா பிள்ள உள்ள நிக்குல்லா. அது எம்பிட்டு நேரந்தான் நிக்கும்? வா, நீயும் நானும் சேந்தே பாப்போம்."

பெருங்காற்று ஒன்று கிளம்பியது. மாயோவின் நான்கு கால்களும் கிளையைவிட்டு எழும்பின. அந்தப் பக்கத்தில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். சுகிர்தா கையை மேலே நீட்டினாள். தும்பிக்கை இறங்கிவந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அவள் அசையாமல் நின்றாள். அந்தக் காட்டில் அப்போது அசையாமல் நிற்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். காற்று ஓய்ந்ததும் கொடியில் காயும் சேலையை இழுப்பது போல யானையைக் கீழே இழுத்தாள். அதன் நெற்றியில் நெற்றியை வைத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டாள்.

தரை அதிர்ந்தது. மாயோவின் கால்கள் செம்மண்ணில் அழுந்தின. கொஞ்ச நேரத்தில் குட்டி தரைக்கு வந்தது. ஈரமாக, நடுங்கிக்கொண்டு, எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. துப்பாக்கிக்காரர்களில் இளையவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூத்தவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். பிரசவம் நடந்த இடத்தில் வேலை செய்வதில்லை என்று சொல்லிவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

சுகிர்தா பறந்துவிடுவோம் என்று பயந்து புல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பறக்கவில்லை. மெதுவாகக் கையை எடுத்து எழுந்தாள். அடியில் ஏதோ மிச்சம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் காலுக்குக் கீழே தரையை உணரும் அளவுக்கு இருந்தது. குட்டி தள்ளாடி வந்து அவள்மேல் மோதியது. அவள் விழுந்தாள். வலித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. லாசரஸ் அவளை ஜீப்பில் ஏற்றி விமானத்துக்கு அழைத்துப் போனார். பாதி வழியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முன்னால் ஓர் ஆறு சாலையைக் கடந்துகொண்டிருந்தது. அகலமான ஆறு, அவசரமில்லாமல், கரைகளை இரண்டு பக்கமும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் இரண்டு சிற்றோடைகள் வந்தன. கடைசி ஓடை நடுச்சாலையில் நின்று வண்டிச் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தது.

"ஹாரன் அடிச்சா மிரண்டுடும்" என்றார் லாசரஸ்.

"அடிக்கண்டாம்" என்றாள் சுகிர்தா. "அம்மைக்காரி கூப்பிட்டா போயிரும்."

இருவரும் காத்திருந்தார்கள்.