கிணற்றில் மீன் இல்லாத மூன்று கிழமை

வீடுகளுக்குள் என்ன நுழைகிறது என்பதை வைத்தே கதிரவேலுக்கு மாதம் தெரியும். மாசியில் கந்தளாய், மூதூர்ப் பக்கத்து வயல்கள் வெட்டி முடிய எலி வரும். வயலில் தின்ன ஒன்றுமில்லை, அதுவும் என்ன செய்யும், லொறியில் வருகிற நெல் மூட்டையோடு டவுனில் வந்து இறங்கும். சித்திரை, வைகாசியில் வெயில் நெருப்பாய்க் கொட்டும்போது எறும்பு குசினிக்கு வரும். சீனிக்கு வருகிறதென்று சனம் நினைக்கும். அது தேடுவது தண்ணீரை. சாக்கடைக் கானுக்குள் கிடந்த கரப்பானும் அந்தச் சூட்டில்தான் மேலே ஏறும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு வெள்ளைக்காரர் வருவார்கள், அவர்களுடைய பயணப்பையோடு நிலாவெளி விடுதிகளுக்கு மூட்டைப்பூச்சி வரும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த பின்னேரம் ஈசல் பறக்கும். வீட்டுச் சுவருக்குள்ளிருந்து ஈசல் கிளம்பினால் கறையான் அங்கே எப்போதோ குடிபுகுந்துவிட்டது என்று அர்த்தம். கார்த்திகையும் மார்கழியும் நுளம்புக்கு.

சிவகுருநாதனின் மருந்தடிக்கும் கம்பனியில் கதிரவேல் இருபத்தொரு வருடமாக வேலை. முதுகில் மருந்துத் தாங்கி தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருவராவது பூச்சி வருமுன் அவனைக் கூப்பிட்டதில்லை. புரட்டாசிக்கு முன் கூரைப் பீலியில் அடைத்த சருகை எடுங்கோ, விறகைச் சுவரோடு சாத்தி அடுக்காதேங்கோ, கதவுக்குக் கீழே சின்னவிரல் நுழைந்தால் எலிக்குஞ்சும் நுழையும், தொட்டியில் தண்ணீரை ஊற்றினால் மட்டும் காணாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும், நுளம்பு முட்டை அதில்தான் ஒட்டியிருக்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்லுவான். தலையை ஆட்டுவார்கள். அடுத்த வருடம் அதே மாதம் அதே வீட்டிலிருந்து போன் வரும்.

சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டு அபூதாஹிர் நானா. துறைமுகத்தில் சாமான் இறக்கி ஓய்ந்த மனிதர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிணறு. கிணறு நிற்பது அவருடைய காணியில், அள்ளுவது இரண்டு குடும்பமும். நுளம்புப் புழுவைத் தின்ன மீன் விடலாம் என்று கதிரவேல் ஒருமுறை சொன்னதற்காகக் கந்தளாய்க்குப் பஸ் ஏறிப்போய், தண்ணீர்ப் போத்தலுக்குள் இருபது கப்பி மீன் கொண்டு வந்தவர் அவர். எட்டு வருடமாக அவை பெருகிக் கிடந்தன.

"சம்பளம் இல்லாம வேல செய்ற ஆக்கள்," என்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லுவார். "ஒன்ட முதலாளிக்கு மட்டும் காட்டிராத தம்பி. ஒன்ன நிப்பாட்டிட்டு இதுகள எடுத்துக்குவாரு."

"எடுக்கட்டும் நானா. தாங்கி தூக்க இதுகளுக்குத் தோள் வேணுமே."

அந்தக் கார்த்திகையில் வெள்ளம் வந்தது. ஐந்து நாள் ஒழுங்கை முழுக்க இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு கிணறுகளில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் நின்றது, மலகூடக் குழியும் மாட்டுச் சாணமும் கலந்த நாற்றம். கிணறு இறைத்துக் குளோரின் போடும் வேலையைச் சிவகுருநாதன் விடுதிகளில் பொறுப்பெடுத்தார். அந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. மீன் உள்ள கிணறென்றால் முதலில் வலைத்துண்டால் மீனை அள்ளிப் பேசினில் விட வேண்டும். பிறகு குளோரின் தூள். ஒரு கிழமை போய் மணம் அடங்கிய பின் இரண்டு மீனை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும், அவை பிழைத்தால் மற்றவை. நிலாவெளி விடுதியொன்றில் விடுதிக்கார அம்மா பக்கத்தில் நிற்க, ஒரு மீன்குஞ்சு தப்பாமல் கதிரவேல் அரித்தெடுத்தான். "உங்களுக்குப் பொறுமை கூட," என்று அந்த அம்மா சொன்னாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவனால் கையைத் தூக்க ஏலவில்லை. மிச்சமிருந்த தூளைக் கொண்டு வந்திருந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான், தண்ணீர் கலங்கிக் கிடந்தது, ஒரு மீனும் தெரியவில்லை. வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்ந்த கிணறு. மீன் போயிருக்கும் என்று நினைத்தான். வலையை ஒருமுறை போட்டு இழுத்திருந்தால் தெரிந்திருக்கும். வலை சைக்கிளில் கட்டியபடியே இருந்தது. அவிழ்க்கப் பஞ்சிப்பட்டுத் தூளைக் கரைத்து ஊற்றினான்.

காலையில் முகம் கழுவப் போனவன் கண்டது கட்டை ஒட்டி வெள்ளை வெள்ளையாக மிதந்த வயிறுகளை. அறுபது, எழுபது இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு வாளியால் அள்ளி வாழையடியில் குழி தோண்டித் தாட்டான்.

"மீன் ஒண்டையும் காணல்லயே தம்பி," என்றார் அபூதாஹிர், அன்று மத்தியானம்.

"வெள்ளத்தோட போயிருக்கும் நானா."

"ஓம் ஓம், போயிரிக்கும். கடலுக்குப் போனா உப்புத் தண்ணி புடிக்காதே பாவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவன் சொன்னால் அவருக்கு வேறு யோசனை இல்லை.

மனைவி தங்கேஸ்வரிக்கு மட்டும் அவன் உண்மையைச் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"இதுக்குப் போய் ஏன் பொய்? மீன்தானே. போய்ச் சொல்லுங்கோ."

"புதுசு கொண்டு வந்து விட்டிட்டால் முடிஞ்சுது. சொல்லி என்னத்துக்கு?"

"ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற ஆள், தன்ர கிணத்து மீனைச் சாகடிச்சுப்போட்டார் எண்டு சிரிப்பினம் எண்டு பயம். அதைச் சொல்லுங்கோ."

அதுதான். அவனுக்கு வீடில்லை என்று சொல்லலாம், ஓட்டைக் கூரை, காணியும் அரைக் காணி. வேலை தெரிந்தவன் என்ற பெயர் ஒன்றுதான் கையில் இருந்தது. விடுதிக்கார அம்மாவிடம் நான்கு மீன் கேட்டால் தருவாள். ஏன் என்றும் கேட்பாள். இரண்டு தரம் வெறும் போத்தலோடு அந்தக் கிணற்றடியில் நின்றான். "என்ன போத்தல்?" என்று அவள் கேட்டபோது, "தண்ணி குடிக்க," என்று சொல்லி, குழாயில் நிரப்பிக் குடித்தும் காட்டினான். கந்தளாய்க்குப் போக ஒரு நாள் லீவு வேண்டும். வெள்ளத்துக்குப் பிந்திய மாதம் சிவகுருநாதன் யாருக்கும் லீவு கொடுப்பதில்லை. விடிந்தால் போன், எல்லா வீட்டிலும் நுளம்பு, பூரான், ஓட்டைக்குள் தண்ணீர் புகுந்து வெளியே வந்த பாம்பு. நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று இன்னொன்று. கிணற்றுக்கு நுளம்பு வலை கட்டி மூடியிருக்கலாம். கட்டினால் நானா கேட்பார்.

குளோரின் மணம் அடங்கிவிட்டது. தண்ணீர் தெளிந்து பச்சை பூத்தது. ஒருநாள் வாளியில் அள்ளிய தண்ணீரில் நூல் துண்டு போலச் சில புழுக்கள் நெளிந்தன. தங்கேஸ்வரி வாளியை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனான்.

மூன்றாம் கிழமை ஷிஃபானாவுக்குக் காய்ச்சல். நானாவின் ஒரே மகள், கல்யாணம் முடித்தும் தாய் வீட்டிலேயே இருப்பவள், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. கிணற்றடியில் சந்திக்கும்போதெல்லாம், "மாமா, புள்ள பொறந்தா நீங்கதான் தொட்டிலுக்கு வல அடிச்சுத் தரணும், வேற ஆக்கள்ற வேல சரியில்ல," என்று சொல்லுகிற பிள்ளை. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொன்னார்கள்.

அடுத்த நாளே நுளம்பு பார்க்கிற உத்தியோகத்தர் ஒழுங்கைக்கு வந்தார். சிரட்டை, தயிர்ச் சட்டி, பூச்சாடித் தட்டு எல்லாம் பார்த்தார். நானாவின் வளவில் ஒன்றும் அகப்படவில்லை. கதிரவேல் சொல்லிக் கொடுத்தபடி அவர் எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார். கடைசியாகக் கிணற்றுக்குள் டோர்ச் அடித்து, வலையை இறக்கித் தூக்கினார். வெள்ளைத் தட்டில் ஊற்றியபோது புழு நெளிந்து தட்டே நடுங்குகிற மாதிரி இருந்தது.

"கிணத்துல மீன் விடேல்லையா?"

"வெள்ளத்துல போயிட்டிச்சி சேர்," என்றார் அபூதாஹிர்.

"போனால் திரும்ப விடவேணும் எல்லோ? பக்கத்து வீட்டிலயே மருந்தடிக்கிற ஆள் இருக்கிறார். இவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரே."

கதிரவேல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்லலாம்.

"அவரும் மழ மாசத்துல சரியான வேல சேர். அவர என்ன சொல்ற," என்றார் நானா. "கிணறு எண்ட காணிலதானே. எண்ட பேருல எழுதுங்க."

எழுதினார்கள். நுளம்பு பெருக விட்டதென்று வழக்கு, கோட்டுக்கு வரச்சொல்லி நோட்டீஸ். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானா ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

ஐந்தாம் நாள் ஷிஃபானாவின் பிளேட்லெட் இறங்கியது. ஆறாம் நாள் காலை பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆண்பிள்ளை. வெள்ளைத்துணியில் சுற்றி, இரண்டு கையில் ஏந்தி, நானாவே மையவாடிக்குக் கொண்டுபோனார். ஒழுங்கை ஆண்கள் பின்னால் நடந்தார்கள். கதிரவேலும் நடந்தான். வாசலோடு நின்றுவிட்டான்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், வந்து போகிற சனம் குறைந்த பிறகு, பின்னேரம், அவன் அந்த வீட்டுக்குப் போனான். நானா முன் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி ரபீக்கா உள்கதவுப் படியில் இருந்து மகளுடைய உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இரு தம்பி," என்றார் நானா.

அவன் இருக்கவில்லை. "நானா, மீன் வெள்ளத்தோட போகேல்ல. நான்தான் பாக்காமல் குளோரினை ஊத்தினனான். எல்லாம் செத்துப்போச்சு. உங்களிட்ட பொய் சொன்னனான்."

நானா முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வந்தது படியிலிருந்து.

"தெரியும்."

"ராத்தா?"

"குசினி ஜன்னலால பாத்தன். வாளியோட வாழையடிக்குப் போனீங்க."

"ஏன் ராத்தா அப்பவே என்னட்ட கேக்கேல்ல?"

அவள் மடித்த உடுப்பை மறுபடி விரித்தாள். "என்னத்தக் கேக்குற? தெரியாத ஆளெண்டா கேட்டிருப்பன். வேல தெரிஞ்ச ஆள், வெக்கப்படுறாரு, இண்டைக்கோ நாளைக்கோ மீன் கொண்டந்து போட்டுருவாரு எண்டு நெனச்சன். இவருட்டயும் சொல்லல்ல. ஒரு மீனுக்காக உங்கட மொகத்த ஒடைக்கப்போடாது எண்டு பாத்தன். நானே கந்தளாய்க்கு ஆள் அனுப்பி எடுப்பிச்சிருக்கலாம். நீங்க இருக்கீங்க எண்டு இருந்துட்டன்."

நானா அப்போதுதான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்பது கதிரவேலுக்கு விளங்கியது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத ஆளைப்போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த உத்தியோகத்தர் கேட்டாரே," என்றார் கடைசியில். "நான் ஒனக்காகக் கதச்சேன். நீ பக்கத்துலதானே நிண்டாய்."

"ஓம் நானா."

"அப்பயும் சொல்லல்ல."

"சொல்லேல்ல."

"அப்ப புள்ள உசிரோட இருந்திச்சி," என்றார். பிறகு எழும்பிக் கதிரையைச் சுவரோரம் தள்ளினார். "வீட்ட போங்க, கதிரவேல்."

தம்பி என்ற சொல் இல்லை. அதற்குப் பிறகு அந்த வாயிலிருந்து அது வரவுமில்லை.

கோட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கதிரவேல் கம்பனிக் கந்தோரில் காரணம் சொல்லாமல் லீவு எடுத்துப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தான். வேலை போனாலும் போகட்டும், கூப்பிட்டால் எழும்பிச் சொல்லலாம் என்று. யாரும் கூப்பிடவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவுமில்லை. தையில் கிணற்றுக்குக் கம்பிவலை மூடி வந்தது. பூட்டவில்லை. கதிரவேல் வீட்டார் அள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. தங்கேஸ்வரிதான் அங்கே போவதை விட்டுவிட்டு, ஒழுங்கை முனைக் குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றாள். "அந்த மனிசியின்ர முகத்தைப் பாத்து எனக்குத் தண்ணி அள்ள ஏலாது," என்றாள். "நீங்கள் போய் அள்ளுங்கோ பாப்பம்."

மாசியில் ஒருநாள் காலை அவன் வேலைக்கு வெளிக்கிட்டு நிற்க, கம்பனி வான் வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. இறங்கியவன் பாயிஸ், பன்னிரண்டு வருடமாகக் கூட வேலை செய்கிறவன். கையில் எலிக்கூடும் மருந்துப் பெட்டியும்.

"என்ன அண்ணே இது," என்று வேலிக்கு இப்பால் வந்தான். "நானா கந்தோருக்குப் போன் பண்ணி எலி எண்டு சொல்லிரிக்காரு. வேற ஆள் அனுப்புங்க எண்டாராம். நீங்க இந்தப் பக்கம் இரிக்க நான் நிலாவெளில இருந்து வாறன். முதலாளியும் சிரிக்காரு. உங்களுக்கும் அவருக்கும் என்ன?"

"ஒண்டுமில்ல. குசினிப் பின்கதவுக்குக் கீழ ரெண்டு விரல் இடைவெளி. முதல்ல அதைத் தகரத்தால அடை. சுவரில குழாய் போற ஓட்டைக்குச் சீமேந்து. பிறகுதான் கூடு வை. அடைக்காமல் மருந்து வைச்சால் வருசம் முழுக்க வருவாய்."

"சரி. நீங்க சொன்னதெண்டு சொல்லவா? பாவம், சந்தோசப்படுவாரு."

"சொல்லாத," என்றான் கதிரவேல், தாங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு. "சொன்னால் அடைக்க விடமாட்டார்."