இரண்டாவது கட்டில்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில், ஹூவான் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் லயலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேலை உண்டு. யாரும் படுக்காத இரண்டாவது கட்டிலின் போர்வையைக் கசக்கிவிட வேண்டும். சனிக்கிழமை விருந்தாளிகள் வந்தால், எரோல் அங்கேதான் தூங்குகிறான் என்று நம்ப வேண்டுமே! ஊரைப் பொறுத்தவரை எரோல் வாடகைக்கு இருப்பவன். பதினான்கு வருடமாக இருக்கிறான்.

தொண்ணூறுகளின் டாஸ்மேனியாவில் ஆணோடு ஆண் உறவுகொண்டால் சிறை. அந்தச் சட்டம் மனித உரிமைக்கு விரோதமானது என்று ஐக்கிய நாடுகள் குழுவே சொல்லியும் மாநில அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றம் போகலாம், ஆனால் அந்தச் சட்டம் உங்கள்மேல் பாயக்கூடியது என்று காட்ட வேண்டும் என்றார் வழக்கறிஞர் பெர்னீஸ். ஆகவே இருவரும் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, தாங்களே குற்றவாளிகள் என்று சொல்லக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். உலகத்தில் வேறு யார் இப்படி வலியப் போய் விலங்கு கேட்பார்கள்?

சார்ஜெண்ட் நெவில், லயலோடு ஒரே அணியில் கால்பந்து ஆடியவன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"டேய், வீட்டுக்குப் போங்கடா. உங்கள யாரு பிடிக்கப் போறா?"

"பிடிக்க மாட்டீங்கன்னா சட்டத்த எதுக்குடா வச்சிருக்கீங்க?"

"அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கு."

"கெடக்கா? எரோலு ஸ்கூல் பஸ் ஓட்டுறான். எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா வேலை போச்சு. அந்தப் பயத்துலதான் வாராவாரம் கட்டிலக் கசக்கிட்டு இருக்கேன்."

"எந்தக் கட்டில?"

லயலுக்கு முகம் சிவந்தது. எரோல் சிரிப்பை அடக்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நெவில் பெருமூச்சோடு பேனாவைத் திறந்தான். "கேட்டுத்தான் ஆகணும், கேக்குறேன். சம்பவம் நடந்த எடம்?"

இதுவரை லயல் எல்லாரிடமும் 'என் வீடு' என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"எங்க வீடு."

எரோல் சட்டென்று திரும்பிப் பார்த்தான். இந்தப் பார்வைக்காகவே ஜெயிலுக்குப் போகலாம் என்று லயலுக்குத் தோன்றியது.

அரசுத் தரப்பு வழக்குப் போட மறுத்துவிட்டது. லயல் இடிந்துபோனான். பெர்னீஸோ தொலைபேசியில் துள்ளினார். "அட, இதுதாம்ப்பா நமக்கு வேணும்! நீங்க குத்தவாளி இல்லன்னு அவங்க சொல்லல. இப்போதைக்கு வேண்டாம்னுதான் சொல்லியிருக்காங்க. அப்போ கத்தி இன்னும் தலைக்கு மேலதான தொங்குது?" சில மாதங்களில் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டு, வழக்கை விசாரிக்கச் சம்மதித்தது.

செய்தி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. லயல் போர்வையைக் கசக்கவில்லை. இருவருமாகக் கட்டிலைத் தூக்கிப் போய்ச் சாலையோரம் வைத்து, 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டை எழுதி மாட்டினார்கள்.

மாலையில் போலீஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. பழைய பழக்கத்தில் லயல் எரோலை விட்டு ஓரடி தள்ளி நின்றான். இறங்கியவன் நெவில். மெத்தையை அமுக்கிப் பார்த்தான்.

"எம் மகளுக்கு ஒரு கட்டில் வேணும்டா. புதுசு மாதிரியே இருக்கே! யாரு படுத்திருந்தா?"

"ஒருத்தரும் படுத்ததே இல்ல."

நெவில் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பக்கம் பிடிடா," என்றான்.