சுண்ணாம்பு ஆகாத செடி

எங்கள் வீட்டுத் துணியை நான்தான் துவைப்பேன். என் துணி, தம்பி துணி, அவன் பெண்டாட்டி துணி, அவர்களுடைய பிள்ளைகள் பெரியவள், சின்னவன் துணி, எல்லாம் என் கைதான். மெஷின் பக்கம் வேறு யாரையும் அண்ட விடமாட்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இத்தனை காலம் குப்பை கொட்டியவளுக்கு அடுத்தவர் துவைத்தால் மனசு ஆறாது. அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்து விடுவார்கள், பையைத் துழாவாமல் ஒரு துணியையும் தண்ணீரில் போடாதே என்று. டாக்டர் கோட்டில் ஊசி இருக்கும், நர்ஸ் கவுனில் கத்தரிக்கோல் இருக்கும். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் இன்றைக்கும் நான் தம்பியைத்தான் கரித்துக்கொட்டிக்கொண்டு இருப்பேன். அப்படியே இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது.

வீடு அப்பா கட்டியது, எனக்கும் தம்பிக்கும் பொது. கீழே இரண்டு அறை எனக்கு. மேலே ஒரே பெரிய அறை, அதில் தம்பி குடும்பம். சமையலறை பொது. தம்பி கொத்தனார், கெட்டிக்காரன். ஊரில் பாதி வீட்டுக்கு அவன்தான் சுவர் எழுப்பியிருக்கிறான். கல்யாணம் காட்சி என்று எனக்கு ஒன்றும் அமையவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் பின்பக்கத்துத் தோட்டம், அதில் ஐந்து புளூபெர்ரிச் செடிகள்.

ஆளுயரம் வளரும் சாதி. அந்தச் செடியைப் போல ஒரு பிடிவாதக்காரச் செடியை நான் பார்த்ததில்லை. புது மாப்பிள்ளை மாதிரி எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்ளும். மண் புளிப்பாக இருக்க வேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்ற வேண்டும். வேர் ஆழம் போகாது, மேலாகவே படரும். அதனால் கொத்திவிடக் கூடாது, பைன் மரத்து ஊசியிலையை அள்ளிவந்து மெத்தை மாதிரி மேலே பரப்ப வேண்டும். சாம்பல் ஆகாது. சுண்ணாம்பு ஆகவே ஆகாது. நட்ட முதல் இரண்டு வருஷம் பூக்கிற பூவையெல்லாம் கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு உடம்பு தேறாது. பழம் நீலமாகிவிட்டதே என்று உடனே பறிக்கவும் கூடாது. மேலும் ஒரு வாரம் விட வேண்டும், விரல் பட்டதும் தானாகக் கையில் உதிர வேண்டும்.

இத்தனையும் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவள் இந்த வீட்டில் இன்னொருத்தி உண்டு. தம்பி பெண்டாட்டி. சின்னவள் என்றுதான் நான் கூப்பிடுவேன். வாய் திறக்காத பெண். பூ கிள்ளும்போது கூட வந்து நிற்பாள். "பாவமா இருக்குக்கா, இவ்வளவு பூ" என்பாள். "இப்ப பாவம் பாத்தா அப்புறம் பழம் பாக்க முடியாது" என்று நான் சொல்வேன். எது ஆகும், எது ஆகாது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவளுக்கு ஒப்பித்தேன். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் என் வாய் சும்மா இருக்குமா?

ஊசியிலை மூட்டைகளை என் இரண்டாவது அறையில் அடுக்கி வைத்திருந்தேன். வெளியே வைத்தால் நனைந்து பூசணம் பிடித்துவிடும். அறை முழுக்கப் பைன் வாசனை. எனக்கு அது பிடிக்கும்.

ஒரு குளிர்கால நாளில் சாப்பிடும்போது தம்பி பேச்சை எடுத்தான். பின்பக்கம் ஓர் அறை கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறானாம். பிள்ளைகள் வளர்கிறார்களாம். எனக்குச் சுருக்கென்றது. பின்பக்கம் என்றால் செடி இருக்கிற இடம்தான், வேறு இடம் ஏது?

"அதுக்கு என்னைப் புதைச்சிட்டு அதுமேல கட்டிக்கோ" என்றேன்.

அவன் முகம் வாடிப்போயிற்று. சின்ன வயதிலிருந்தே நான் குரலை உயர்த்தினால் அவன் அடங்கிவிடுவான். "சரிக்கா, விடு. செடி காய்க்கிற வரைக்கும் அந்த மண்ணுல நான் கடப்பாரை வைக்க மாட்டேன். போதுமா?"

"அது அம்பது வருஷம் காய்க்கும்டா" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். சின்னவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வசந்தம் வந்ததும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் எல்லாம் வெளிறிய மஞ்சள். இரும்புச் சத்து போதவில்லை என்று அதற்கான உப்பைக் கரைத்து ஊற்றினேன். மழைத் தண்ணீரில் ஒரு மூடி வினிகர் கலந்து ஊற்றினேன். விடிந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஒரு நாள் மோசம். பூ பிடித்தது, பாதி உதிர்ந்தது. வேலையில் மனசு நிற்கவில்லை. ஒரு நாள் ஆபரேஷன் அறைப் பச்சைத் துணியோடு வெள்ளை விரிப்புகளைப் போட்டுக் கலக்கி, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஊசியிலைப் படுகையை விலக்கிப் பார்த்தேன். அடியில் மண் வெள்ளை பூத்திருந்தது. ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வினிகரை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு. ஐந்து செடிக்கும் அடியில் அப்படித்தான். காற்றில் பறந்து வந்த தூசி இல்லை, இலையைத் தூக்கி, தூவி, மறுபடி மூடிய வேலை.

கொத்தனார் வீட்டில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? அவன் வண்டியிலேயே மூட்டை கிடக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன், அவ்வளவுதான். கூடப்பிறந்தவளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு கட்டுகிற அறையில் உன் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குமா என்றுகூடக் கேட்டேன். கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லக்கா" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. "வாக்கு குடுத்தா குடுத்ததுதான். நான் எதுக்குக்கா இப்படிப் பண்ணப்போறேன்?"

சின்னவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பாவம், புருஷனைத் திட்டுவதைக் கேட்கச் சங்கடப்படுகிறாள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல?

அந்த வாரக் கடைசியில் துணிக் கூடையைக் கொட்டிப் பிரித்தேன். சின்னவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் கையில் வந்தது. வலப்பக்கப் பையில் கையை விட்டேன். விரலெல்லாம் வெள்ளை. மாவு என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. அப்படியும் மனசு கேட்காமல் வினிகர் புட்டியை எடுத்தேன். பையின் உள்தையலில் புஸ்ஸென்று நுரை கிளம்பியது. சலவைக்கூடத்தில் எத்தனையோ கறை பார்த்தவள் நான். இந்த ஒன்றை மட்டும் மெஷினில் போடவில்லை.

தம்பி வேலைக்குப் போயிருந்தான், பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்தார்கள். சின்னவள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரை அவள் முன்னால் மேசையில் போட்டேன்.

"இது என்ன?"

பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "சுண்ணாம்பு."

"யாரு போட்டா?"

"நான்தான்க்கா."

இல்லை என்று சொல்வாள், அழுவாள், நான் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராக வந்திருந்தேன்.

"அதுக்கு எது ஆகாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அம்பது வருஷம் காய்க்கும்னு சொன்னீங்க. சிரிச்சிட்டே சொன்னீங்க. அவரும் சிரிச்சாரு. பெரியவ திரைக்குப் பின்னால நின்னு துணி மாத்துறாக்கா. அவ அப்பா ஊருக்கெல்லாம் ரூம் கட்டிக் குடுக்கிறாரு. எங்களுக்குன்னா அக்கா மனசு நோகுமேன்னு பாக்கிறாரு. அவரு உங்ககிட்ட வாக்கு குடுத்திருக்காரு. நான் குடுக்கலையே."

"அதுக்காக? எத்தனை வருஷ உழைப்பு தெரியுமா அது? நீ என் கூடவே நின்னவ."

"தெரியும்க்கா. கஷ்டமாத்தான் இருந்துச்சு."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். செடி இன்னும் முழுசாகச் சாகவில்லை. அதுதான் என் தலைக்குள் ஓடியது. கந்தகத் தூள் போட்டு மண்ணைப் புளிப்பாக்கி, மேல்மண்ணை அள்ளி மாற்றினால் தேற்றிவிடலாம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கெஞ்சுகிற குரல்.

"என் ரெண்டாவது ரூமை எடுத்துக்கோ. மூட்டையெல்லாம் இன்னைக்கே தூக்கிடறேன். பொண்ணு அங்க இருக்கட்டும். செடிய மட்டும் விட்டுடு. அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சின்னவள் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"அதை நான் கேட்டேன்க்கா."

"எப்போ?"

"சின்னவன் வயித்துல இருந்தப்ப. இதே எடத்துல நின்னு கேட்டேன். 'அங்க எலை மூட்டை இருக்கேடி, வெளிய வச்சா நனைஞ்சிடுமே'ன்னீங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல."

எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகமில்லை. பொய் சொல்லாதேடி என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் அந்த வாக்கியம் என் வாக்கியம்தான். நான் அப்படித்தான் பேசுவேன்.

"இப்ப அந்த ரூம் வேணாம்க்கா" என்று சின்னவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். "நீங்க குடுத்ததா இருக்கும். எப்ப வேணா மூட்டை திரும்பி வரும். அவர்கிட்ட சொல்லணும்னா சொல்லிடுங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

நான் சொல்லவில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளைக் காட்டிக்கொடுத்தால் மூட்டைக் கதையும் கூடவே வரும், தம்பி என்னைப் பார்க்கிற பார்வை மாறும். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. கந்தகம் வாங்கிப் போட்டேன். கைப்பிடி கைப்பிடியாக வெள்ளை மண்ணை அள்ளி எறிந்தேன். சின்னவள் அதற்கப்புறம் தோட்டத்துப் பக்கம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. இலையுதிர்காலத்தில் சிவக்க வேண்டிய இலைகள் அந்த வருஷம் சிவக்காமலே கொட்டின. அடுத்த வசந்தத்தில் ஐந்தும் விறகாக நின்றன.

தம்பி ஒரு கிளையை ஒடித்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பட்டுப்போச்சுக்கா" என்றான். "நான் வாக்கு தவறலை."

"தெரியும்டா."

"அன்னைக்கு நீ பேசினதெல்லாம் நான் மனசுல வச்சுக்கலை. செடி போற துக்கத்துல பேசிட்ட."

அவனுக்குப் பின்னால் கொடியில் துணி போட்டுக்கொண்டு சின்னவள் நின்றாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"கட்டிக்கோ" என்றேன்.

கடப்பாரையே தேவைப்படவில்லை. தூரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான், பாயைச் சுருட்டுகிற மாதிரி வேரோடு வந்துவிட்டது. "வேர் இவ்வளவுதானா?" என்று ஆச்சரியப்பட்டான். அவ்வளவுதான் இருக்கும் என்று அவனுக்குச் சொல்ல இரண்டு பேர் அங்கே இருந்தோம். இரண்டு பேரும் சொல்லவில்லை.

அறை நன்றாக வந்திருக்கிறது. பெரிய ஜன்னல், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. பெரியவள் அங்கே போய்விட்டாள். துணியை இப்போதும் நான்தான் துவைக்கிறேன். சின்னவளுடைய துணி மட்டும் எல்லாப் பையும் வெளியே இழுத்துவிடப்பட்டுத்தான் கூடைக்கு வருகிறது. நான் கைவிட்டுத் துழாவ வேண்டிய வேலையே வைப்பதில்லை.

மூட்டைகளை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கிப்போட்டேன். இரண்டாவது அறையைக் கூட்டிக் கழுவினேன். கட்டில் வாங்கிப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்தேன். கதவைத் திறந்தே வைக்கிறேன். வாசனை இன்னும் போகவில்லை.

போன வாரம் பெரியவள் துவைத்த துணியை வாங்கிக்கொள்ள வந்தாள். திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இங்க யாரு வரப்போறாங்க?"

"யாரும் இல்ல" என்றேன்.

சரி என்று துணியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் தன் அறைக்குப் போனாள்.