கண்ணாடிக் கூண்டில் வியர்த்தவன்

"அது என்ன பறவை?"

"தெரியாது. மஞ்சளா இருக்கு, அவ்வளவுதான்."

"வாத்தியார்னு சொன்னியே?"

"லீவு நாள்ல எனக்கு எதுவுமே தெரியாது, கண்ணு."

புரூக்ளின் பூங்காவில் வெண்டெல் சொன்ன அந்தத் "தெரியாது"வுக்காகத்தான் ஆர்லின் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எல்லாம் தெரிந்த அப்பாவோடும் அண்ணன்களோடும் வளர்ந்து சலித்தவள் அவள்.

பிறகு, தலைமுடி எண்ணெய்க் கம்பெனி ஒன்று நடத்திய தொலைக்காட்சி வினாடி வினாவுக்கு அவன் போனான். கேள்வியும் பதிலும் முதல் நாளே தயாரிப்பாளர் அறையில் கைக்கு வந்துவிடும். கூடவே நடிப்புப் பயிற்சி. வியர்வையைத் துடைக்கக் கூடாது, கைக்குட்டையால் ஒற்றியெடுக்க வேண்டும். கீழுதட்டைக் கடிக்க வேண்டும். தானாக வியர்க்காவிட்டால் என்ன செய்வது? போட்டியாளர் நிற்கும் கண்ணாடிக் கூண்டின் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள். குளியலறையில் ஒத்திகை பார்த்த அந்தக் கைக்குட்டையை அறிவென்று நம்பி, அமெரிக்கா முழுவதும் சாப்பாட்டை ஆறவிட்டுக் கண் கலங்கியது.

வீட்டிலும் அதே கூத்துதான். "முட்டை எப்படி வேணும்? ரொட்டியை வாட்டணுமா?" என்றால் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவது பகுதிக்கு முதல்ல பதில் சொல்லட்டுமா?" என்பான். அவள் முட்டையைக் கருகவிடுவாள்.

போட்டியில் தோற்றுப்போன ஒருவன் இந்த ஏமாற்றைப் பத்திரிகைக்காரர்களிடம் உளறிவிட்டான். திங்கட்கிழமை வெண்டெல் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையிலேயே ஒத்திகை தொடங்கியது.

"பதிலை யாராவது முன்னாடியே குடுத்தாங்களான்னு கேளு."

"குடுத்தாங்களா?"

கண்ணை மூடினான். உதட்டைக் கடித்தான். நெற்றியை ஒற்றினான். "இல்லை, ஐயா." ஒரு கண்ணைத் திறந்து, "நம்புற மாதிரி இருந்துச்சா?" என்றான்.

"பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில், வெண்டெல்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லப்போறாங்க, கண்ணு. ஜனங்களுக்கும் இதுதான் வேணும்."

ஆர்லின் அவன் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கினாள்.

"அன்னிக்குப் பூங்காவுல பார்த்தோமே, மஞ்சள் பறவை. ஞாபகம் இருக்கா?"

மறுபடியும் கண் மூடியது. உதடு பல்லுக்குள் போனது.

"கோல்ட்ஃபிஞ்ச்" என்று அந்தப் பறவையின் பெயரைச் சொன்னான், வென்றவனின் குரலில்.

அருவருப்பில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரிப்போடு, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததும் வெளியே வந்தது.

"கண்ணைத் திற. உதட்டை விடு. நாளைக்கு அங்க போய், எல்லாப் பதிலும் அவங்க குடுத்தாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லு."