நாலாம் நாள் வந்த போன்

மைனாவுக்கு லிஃப்டில் ஏறப் பயம். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் ஒன்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இப்படி ஒரு வியாதியா என்று ஆபீஸே சிரிக்கும். ஐந்து மாடியானாலும் படியில்தான் ஏறுவாள். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, உடம்புக்கு நல்லது என்பாள். உடம்பாவது மண்ணாவது! கதவு மூடியதும் பக்கத்தில் குடை வந்து நிற்பார். விஷயம் அதுதான்.

குடை என்பது ஓர் ஆள். அந்தக் கம்பெனியில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் நின்று வாக்கி டாக்கியில் நீளமான பேரைக் கூப்பிட்டால் எதிரொலியில் பாதி கரைந்துபோகும் என்று எந்தப் புண்ணியவானோ ஆரம்பித்துவைத்த வழக்கம். சேர்ந்த அன்றே ஒரு சின்னப் பேரைச் சூட்டிவிடுவார்கள். ஆணி, கொக்கு, சட்டி, குடை. சுவரில் மாட்டிய டூட்டி போர்டிலும் அதே பேர்தான் இருக்கும். பழுது என்று வருகிற போனை எடுத்து மெக்கானிக்குகளை அனுப்பும் வேலைக்கு வந்தவள், படபடவென்று பேசியதால் மைனா ஆனாள். புருஷன்கூட இப்போது வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அவள் சேர்ந்த நாலாம் நாள் ஒரு போன் வந்தது. வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண், தலைப்பெழுத்தோடு முழுப் பேர் ஒன்றைச் சொல்லி, இவர் அங்கே வேலை பார்க்கிறாரா என்று விசாரித்தாள். மைனா போர்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அப்படி ஒரு பேர் இல்லை. "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று பளிச்சென்று சொல்லி வைத்துவிட்டு, பரவாயில்லை, நாலே நாளில் வேலை பிடிபட்டுவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அந்தப் பேர் குடையின் பேர். அவருக்கு அந்தக் கம்பெனியில் வேலை என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். கடிதம் பின்னாலேயே வரும் என்று நம்பி, மனுஷர் இங்கே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு நோட்டீஸ் மாதத்தில் இருந்தார். கடிதம் வரவில்லை. விசாரித்ததில் திருப்தியில்லை என்று அவர்கள் கைகழுவிவிட்டார்கள். இங்கேயும் அவர் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவருடைய விடுவிப்புத் தாளை டைப் அடிக்கும்போதுதான் மைனா அந்த முழுப் பேரைப் பார்த்தாள். நாலாம் நாள் போனில் கேட்ட அதே பேர்.

அப்போதே எழுந்து மேனேஜர் அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, தப்பு எங்களுடையது என்று சொல்லியிருந்தால் குடை பிழைத்திருப்பார். ஆனால் வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகாதவளை வைத்துக்கொள்வார்களா? மைனா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். குடை தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

போனவர் போகவில்லை. மத்தியான நேரத்தில் வாக்கி டாக்கி வெறுமனே இரைந்துகொண்டிருக்கும்போது, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து "குடை பேசறேன்" என்று கேட்கும். போனில் யாராவது ஓர் ஆளைப் பற்றி விசாரித்தால் போனைப் பக்கத்து ஆளிடம் நீட்டிவிடுவாள். அவர் இருக்கிறாரா செத்தாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. தேள் கொட்டிய திருடன் மாதிரி யாரிடமும் கேட்கவும் முடியாது. மனுஷர் உயிரோடு இருக்கும்போதே அவரைப் பேயாக்கிக் கூடவே வைத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அவளுக்கே வேறு வேலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், லிஃப்ட், தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் கவனிக்கிற அறைக்குத் தலைமை. நீங்கதான் என்று போனில் சொல்லிவிட்டார்கள். இப்போதிருக்கும் இடத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கடிதம் அனுப்புவோம், அடுத்த மாதம் முடிந்ததும் வந்து சேர வேண்டும் என்றார்கள். மேனேஜரிடம் அவள் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். இங்கே நோட்டீஸ் ஒரு மாதம். அதனால் இந்த மாதக் கடைசி நாளுக்குள் ராஜினாமா கொடுத்தாக வேண்டும். கடைசி நாளும் வந்துவிட்டது, கடிதம் வரவில்லை.

புருஷன் முதுகெலும்பு ஆபரேஷன் ஆகி ஏழு மாதமாகப் படுக்கையில் இருக்கிறான். அடுப்பு எரிவது இவள் ஒருத்தியின் சம்பளத்தில். "இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்படாதே. பேப்பர் கையில வரட்டும், அப்புறம் கொடு" என்று காலையிலும் சொல்லி அனுப்பினான். அவன் சொல்லாவிட்டாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள். கடிதத்துக்கு முன் ராஜினாமா கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்த உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்திருந்தாள்.

காலைக் கூட்டத்தில் மேனேஜர் ஒரு செய்தி சொன்னார். நாளையிலிருந்து யார் ராஜினாமா கொடுத்தாலும் அந்த இடத்துக்குப் புது ஆள் எடுக்கத் தலைமை அலுவலகம் அனுமதிக்காதாம். இன்றைக்குள் கொடுத்தால்தான் உண்டு. மைனா அதைக் காதில் வாங்கிக்கொண்டாளே தவிர மனதில் வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு போன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் குடியிருப்பு. போன மாதம்தான் அந்தக் கட்டிடம் இவர்களிடம் வந்தது.

"வாட்ச்மேன் பேசறேன். மூணாவது மாடியில நிக்குது. உள்ள ஆள் யாரும் இல்லை. கதவுப் பூட்டுல கான்டாக்ட் தேஞ்சிருக்கும். வர்றவரை அதைக் கொண்டுவரச் சொல்லுங்க."

வாட்ச்மேன்கள் இப்படிப் பேசுவதில்லை. லிஃப்ட் ஓடலை, சீக்கிரம் வாங்க என்பதோடு சரி. அதோடு, அது வாக்கி டாக்கி இரைச்சலுக்குள் கேட்கிற அதே குரல். ஆணியை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு வேளையில் யாரிடமும் சொல்லாமல் தானே நடந்து போனாள்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் குடை உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சீருடைச் சட்டை யாருக்கோ தைத்தது போலத் தொளதொளவென்று கிடந்தது. ஆணி அவர் போனபிறகு வந்தவன், அவரைத் தெரியாது. கதவுக்குள் தலையை விட்டு ஒரு ஸ்க்ரூவைக் கழற்றத் திணறிக்கொண்டிருந்தான். குடையின் விரல்கள் முழங்கால்மேல் அதே ஸ்க்ரூவை வெறுமனே திருப்பிக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் லிஃப்டைத் தொடக்கூடாது.

ஆணி மூணாவது மாடிக் கதவையும் பார்க்க மேலே போனதும் மைனா அவர் முன்னால் போய் நின்றாள். நாலாம் நாள் வந்த போனை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஒன்பது வருஷத்துப் பாரம், சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆயிற்று.

"தெரியும்" என்றார் குடை. "அந்தக் கம்பெனிக்காரங்களே சொன்னாங்க. உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, அப்படி யாரும் இல்லைன்னுட்டாளேன்னு."

அன்று மூன்று வாரம் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்ட மனுஷர், இன்று நீங்கள் என்றார்.

"உங்க மேல அப்ப கோபம் வரலை. குடைன்னுதானே உங்களுக்குத் தெரியும்? போர்டுல அப்படித்தானே இருந்துச்சு. மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொன்னா உங்க வேலை போயிடும். நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். அந்தத் தாளை டைப் அடிச்சீங்களே, அப்ப நான் எதிர்லதான் நின்னேன். பேரைப் பார்த்தீங்க. விரல் நின்னுச்சு. எழுந்திருப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க எழுந்திருக்கலை."

"அண்ணே..."

"அப்ப வந்த கோபம் இன்னும் போகலை."

மேலே ஆணி சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. மைனா அழுதாள். அழுதபடியே, தான் இங்கிருந்து போகப்போவதையும், தன் இடம் காலியாவதையும், லிஃப்டை அறிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்தால் மேனேஜர் இரண்டு கையாலும் வாரிக்கொள்வார் என்பதையும் சொன்னாள். வருவீர்களா என்று கேட்டாள்.

குடை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல நீங்க எழுந்திருங்க. அப்புறம் பேசலாம்."

திரும்பி நடந்த இரண்டு தெருவும் அவள் கண்ணில் படவில்லை. இன்று கொடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு ஆளே கிடையாது என்று காலையில் காதோடு நின்ற செய்தி இப்போது நெஞ்சில் இறங்கியது. கொடுத்தால்? ஆஸ்பத்திரி கைவிரித்தால்? படுக்கையில் கிடக்கிறவனிடம் என்ன சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மணிவரை வந்த போனையெல்லாம் எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. கடிதம் கையில் இருக்கும்போது கொடுப்பது எந்த ஊர்ப் பரிகாரம் என்று இன்னொரு மனம் காறித் துப்பியது.

நாலு மணிக்கு ஒரு தாளை எடுத்தாள். ராஜினாமா செய்கிறேன் என்று முதல் வரியில் எழுதினாள். அதற்குக் கீழே, ஒன்பது வருஷத்துக்கு முன் நடந்ததை, தெரிந்தும் மறைத்ததை, குடையின் முழுப் பேரோடு எழுதினாள். தன் இடத்துக்கு அவரை எடுக்க வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் முதல் வரியைப் படித்ததும் புதுக் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் தாளைத் திருப்பி நீட்டினார். வீட்டு நிலைமை தெரிந்தும் இப்படிச் செய்யலாமா, இரண்டு நாள் பொறுத்தால் என்ன என்று அக்கறையாகவே கடிந்துகொண்டார். மிச்சத்தையும் படியுங்கள் என்றாள் மைனா.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குடை அவருக்குக் கீழே பதினாலு வருஷம் வேலை பார்த்தவர்.

"அவர் வருவாரா?"

"தெரியலை சார். வராமயும் போகலாம்."

"நாளைக்கோ மறுநாளோ ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குத்தான் போன் வரும். நம்பகமான ஆளான்னு கேட்பாங்க. இதைப் படிச்சதுக்கப்புறம் நான் என்னம்மா சொல்றது?"

மைனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல எழுதியிருக்கிறதைப் படிச்சுக் காட்டுங்க சார்."

மேனேஜர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அன்றைய தேதி முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, தாளின்மேல் குத்தினார்.